அத்தானின் எர்த் கம்பி

என் அக்காவின் கணவரும் நானும் முப்பத்தோரு வருடம் சண்டை போட்டோம். சொத்துக்காக இல்லை, சீட்டாட்டத்துக்காக இல்லை, அரசியலுக்காகக்கூட இல்லை. மண்ணுக்காக. அதுவும் ஒரு கம்பி இறங்குகிற அளவு மண்ணுக்காக.

அத்தான் கப்பலில் ரேடியோ ஆபரேட்டர். நான் தொலைபேசித் துறையில் பூமிக்கடியில் கேபிள் இணைத்தவன். அவர் ஆகாயம், நான் பாதாளம், நடுவில் அக்கா. இரண்டு வீடும் முதுகோடு முதுகாக நிற்கும். இடையில் தோளுயரச் சுவர். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். அமெச்சூர் ரேடியோவில் யாருமே சீண்டாத மிகக் குறைந்த அலைவரிசை, நூற்று முப்பத்தேழு கிலோஹெர்ட்ஸ். அங்கே ஆமை வேகத்தில் மோர்ஸ் தட்டிக்கொண்டிருக்கும் ஆத்மாக்கள் உலகத்தில் மொத்தம் நூறு இருந்தால் அதிகம். அந்த நூறையும் கேட்டுவிட வேண்டும் என்று உயிரை விடுகிற இரண்டு பேர் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாய்த்தது அக்காவின் தலையெழுத்து.

இதைக் கேட்பதற்குப் பெரிய ஆன்டெனா வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். சோப்புக் கட்டி அளவு செப்புத் தகடு, அதன் அடியில் தீப்பெட்டி அளவு ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து ஐந்து மீட்டர் கழியின் உச்சியில் கட்டினால் போதும். ஆனால் இந்தக் குட்டிப் பிசாசுக்குக் கால் வேண்டும். கழியின் அடியிலேயே ஒரு எர்த் கம்பி அடித்து, கேபிளின் உலோக மேலுறையை அதில் பிணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், அது தனக்கு வேண்டிய மண்ணைத் தேடிக்கொண்டு கேபிள் வழியாக வீட்டுக்குள் புகுந்துவிடும். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, ஃபிரிட்ஜ் என்று வீட்டிலுள்ள அத்தனை கழுதைகளின் கத்தலையும் அள்ளிக்கொண்டு வந்து உங்கள் காதில் கொட்டும்.

அதனால் ரேடியோவுக்குத் தனி மண் வேண்டும், வீட்டு மின்சாரத்தின் எர்த்தோடு அது சேரவே கூடாது என்பது என் கட்சி.

"ஒரு வீட்டுக்கு ஒரு மண்தாண்டா" என்பது அத்தானின் கட்சி. "ரெண்டு மண்ணு வச்சா, இடி விழுற அன்னைக்கு ரெண்டுக்கும் நடுவுல நீ நிப்பே. அப்புறம் உன் சாம்பலைக் காபி ஃபில்டர்லதான் வடிகட்டணும்."

சண்டை முற்றி நான் விருட்டென்று என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பானரால் தட்டி இழுக்கும் சத்தம் வரும். நீளம், குட்டை, நீளம். மோர்ஸில் அதற்கு, 'நான் முடித்துவிட்டேன், இனி நீ சொல்' என்று அர்த்தம். கையெழுத்துப் போல மோர்ஸிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. அத்தானுடைய கையில் கடைசி நீளம் மட்டும் எப்போதும் இழுபடும், யாரோ நாற்காலியைத் தரையில் இழுப்பது போல. அந்த இழுப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். போய்ச் சுவரோரம் நிற்பேன்.

போன வருடம் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து மாதம் என் கழியை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிராளி இல்லாமல் என்ன சண்டை?

ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? சென்ற மாதம் மறுபடி கழியை நட்டேன். நட்டதும் பழைய தொல்லை. என் பக்கத்து மண் முழுக்கப் பாறை. என் கம்பி நாலடி இறங்கியதும் 'இதற்கு மேல் உன் அப்பன் வந்தாலும் முடியாது' என்று நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில், அத்தானின் கம்பி. ஒன்பதடிச் செப்பு. அவரே இரண்டு நாள் சம்மட்டி போட்டு இறக்கியது. அதன் நுனி உலகத்தின் மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் உள்ளங்காலைக் கீறுகிறது என்று நான் எல்லாரிடமும் சொல்வது வழக்கம். வருடம் முழுக்க ஈரம். அப்படி ஒரு கம்பிக்காக ராஜ்ஜியங்களே போர் தொடுக்கலாம்.

"அக்கா, அத்தானோட கம்பியை நான் பயன்படுத்திக்கட்டுமா?"

"எடுத்துக்கோடா. செத்த மனுஷன் ரேடியோவே போயிடுச்சு, கம்பியை வச்சு நான் என்ன, முதுகு சொறியவா?"

கம்பியின் தலையில் ஒரு பச்சை வயர் பிணைத்திருந்தது. சுவரில் ஒரு துளை வழியாக வீட்டுக்குள் போயிற்று. அத்தானின் ரேடியோ மேசைக்குப் போவது, அந்த மேசைதான் இப்போது இல்லையே என்று கட்டிங் பிளேயரை வைத்து ஒரே கடி. துண்டித்த முனையை அழகாகச் சுருட்டி ஜன்னலுக்கடியில் செருகினேன். என் வயரைச் சுவருக்கு மேலாகக் கொண்டுவந்து கம்பியில் பூட்டினேன். இதெல்லாம் ஐந்து நிமிடம்.

திரும்பி வந்து ரேடியோவில் ஹெட்போனை மாட்டினால், அடடா! அமைதி. ஆழ்கிணற்றுக்குள் தலையை விட்டது போல. கண்டங்களுக்கு அப்பாலிருந்து ஒருவன் தட்டினான். அவனுடைய வீட்டுச் சுவர்க் கடிகாரம்கூடக் கேட்டது என்று சொல்வேன், நீங்கள் நம்ப வேண்டாம். முப்பத்தோரு வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்.

"என்னங்க," என்றாள் என் மனைவி, "செத்தவர்கிட்ட ஜெயிச்ச முதல் ஆம்பளை நீங்கதான்."

ஜெயித்த மூன்றாம் நாள், காலை பதினொன்று பத்துக்கு அது வந்தது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு நீளம், குட்டை, நீளம். கடைசி நீளம் இழுபட்டது.

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கை தானாக வைத்தது. வெயில் அறைக்குள் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் என் மனைவி எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில், அந்த வாசனையில், என் முதுகுத்தண்டில் மட்டும் யாரோ ஐஸ் தண்ணீரை ஊற்றினார்கள். மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் எறும்பு பேசுவது போல அது தொடர்ந்து கேட்டது. இழுப்பு. மறுபடி இழுப்பு.

பதினோரு நிமிடம் கழித்து நின்றது.

மறுநாளும் அதே நேரம். இந்த முறை நான் தயாராக இருந்தேன். எவனோ எங்கிருந்தோ அனுப்புகிறான், கை ஒற்றுமை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லியிருந்தேன். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆகாயத்திலிருந்து வரும் சிக்னல் என்றால் ஆன்டெனாவை இறக்க இறக்கக் குறைய வேண்டும். கழி ஒன்றுக்குள் ஒன்று மடங்குவது. ஐந்து மீட்டரை மூன்றாக்கினேன். குறையவில்லை. ஒன்றாக்கினேன். கொஞ்சம் கூடியது. ஆன்டெனாவைத் தரையில், செடிக்கடியில், குழந்தையைத் தூங்க வைப்பது போலப் படுக்க வைத்தேன். கத்தியது.

கடைசியாக ஆன்டெனாவையே கழற்றிவிட்டேன். ரேடியோவில் மிச்சமிருந்தது மண்ணுக்குப் போகும் அந்த ஒரே வயர்.

நீளம், குட்டை, நீளம். பக்கத்தில் நின்று சொல்வது போல.

ஆகாயத்தில் ஒன்றுமில்லை. அது மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கிறீங்க?" என்றாள் மனைவி, கரண்டியோடு வந்து.

"அத்தான் தட்டுறார்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அக்காவும் ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்காங்க. குளிக்கும்போது பேசிக்கிறாங்க. நான் துணி காயப்போடும்போது கேட்டேன். சிரிக்கக்கூட செய்றாங்க."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும்."

மறுநாள் பதினொன்றுக்கு நான் ரேடியோவைத் தொடவில்லை. சுவரோரம் போய் நின்றேன். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அதனூடே அக்காவின் குரல், தாழ்ந்து, யாருடைய சட்டைப் பொத்தானையோ போட்டுவிட்டுக்கொண்டே பேசுவது போல. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பிறகு பேச்சு பாதியில் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. சத்தியமாக இதில் ஒரு விநாடிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பிறகு மூச்சை ஒரேயடியாக விடுவது போல ஒரு சத்தம். அதன் பிறகு சிரிப்பு.

நான் சுற்றிக்கொண்டு அக்காவின் வீட்டு வாசலுக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் ஓட்டப் பந்தயத்தில் தங்கம் வாங்கியிருப்பேன், அப்படி ஒரு ஓட்டம். அக்கா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். பத்து மாதமாக அவளிடம் நான் பார்க்காத களை. கன்னம் சிவந்திருந்தது.

"என்னடா, நாய் துரத்துச்சா?"

"அக்கா, உள்ளே யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திருட்டுத்தனமாகத் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. உன் பொண்டாட்டிகிட்டகூட."

"சரி."

"உங்க அத்தான் வர்றார்டா."

அவள் குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"குழாயைத் திருகும்போது கையில சுருக்குன்னு தொடுறார். முதல்ல எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. கல்யாணமான புதுசுல, யாரும் பாக்காதப்போ விரலை லேசா கிள்ளுவார், அதே மாதிரி. அப்புறம் நாளுக்கு நாள்..." அவள் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "நேத்து கையைப் பிடிச்சார். இன்னைக்குப் பிடிச்சவர் விடவே இல்லைடா. நான் விடுங்கன்னு சொல்ல நினைக்கிறேன், வாய் வரலை. அப்புறம் அவரே விட்டுட்டார். என்ன பிடி தெரியுமா!"

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்திலிருந்து கண்ணை எடுத்து அந்த உள்ளங்கையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் வயரோடு வாழ்ந்தவன் நான். பிடித்தால் விடாதது எது என்று எனக்குத் தெரியும். அது புருஷன் இல்லை.

"கொஞ்சம் நில்லு" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். ஹீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நீளமாக, குட்டையாக, நீளமாக. உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து, ஒட்டி, விட்டு, ஒட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டர் முனையைக் குழாயில் வைத்தேன். கைப்பிடிக்குள் இருந்த குட்டி விளக்கு, பூனைக்கண் மாதிரி எரிந்தது.

குழாய்க்கு எப்படிக் கரண்ட் வரும்? ஹீட்டர் கெட்டாலும் எர்த் வயர் அதை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே. ஃபியூஸாவது போயிருக்க வேண்டுமே. எர்த் வயர் எங்கே என்று தேடினேன். ஹீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு வந்தது. போர்டிலிருந்து சுவரோரமாக, ஜன்னலை நோக்கி, ஒரு துளை வழியாக வெளியே போயிற்று. பச்சை வயர்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கடியில் நான் அழகாகச் சுருட்டிச் செருகிய முனை, கடித்த இடத்தில் செம்பு பளபளக்க, அப்படியே இருந்தது.

ஒரு வீட்டுக்கு ஒரு மண். முப்பத்தோரு வருடம் அவர் தொண்டை கிழியக் கத்தியது அதைத்தான். ரேடியோவையும் வீட்டையும் ஒரே கம்பியில் பூட்டியிருக்கிறார் என்றுதான் நான் அவரோடு சண்டையே போட்டேன். உலகத்திலேயே அந்த வயர் எங்கே போகிறது என்று அறிந்த ஒரே உயிர் நான்தான். அதை நானே கடித்து எறிந்துவிட்டு, அமைதி, அமைதி என்று காதில் தேன் வழியக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹீட்டரின் அந்தத் துடிப்புதான் குளியல் தண்ணீரோடு கம்பிக்கு இறங்கி என் காதில் மோர்ஸாகத் தட்டியிருக்கிறது. குழாய் புதைந்த மண்ணில் ஈரம் இருந்தவரை கரண்ட் கொஞ்சமாவது வடிந்தது. மண் காயக் காயப் பிடி இறுகியது. நாளைக்குப் பதினொன்றுக்கு அவர் விட்டிருக்க மாட்டார்.

நேரே போர்டுக்குப் போய் மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"என்னடா பண்ணே?"

"ஹீட்டர் பழசாயிடுச்சு அக்கா. லீக் ஆகுது. நீ தொட்டது கரண்ட்டு."

அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் துண்டின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"ஹீட்டரா?"

"ஆமா."

"அப்போ அவர் இல்லையா?"

அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வயரைக் கடித்தது நான் என்று. வாய் வரை வந்தது. "ஹீட்டருக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றேன். "வீட்டுக்குப் போய் ஸ்பானரும் கிளாம்பும் எடுத்துட்டு வரேன். எதையும் தொடாதே."

என் அறையில் கிளாம்பைத் தேடி எடுத்தேன். மேசையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அது பேட்டரியில் ஓடுவது. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத்தான், வேறு எதற்கு? அக்காவின் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்த வீட்டின் கரண்ட் முழுவதும் ஒரு பீங்கான் கட்டையாக என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேல் கனத்துக்கொண்டிருந்தது.

அமைதி. கிணற்று அமைதி.

பிறகு வந்தது. கரகரப்பு இல்லாமல், சுத்தமாக, ஒரே ஒரு தடவை.

நீளம். குட்டை. நீ...ளம்.

இனி நீ சொல்.

நான் பெருக்கிச் சொல்கிறவன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இதைப் பெருக்க எனக்கு வழி தெரியவில்லை. இருப்பதே போதுமானதாக இருக்கிறது. நான் ஹெட்போனை வைத்துவிட்டு, கிளாம்பை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா. எர்த் வயரை வெட்டினது நான்."

அவள் அதே கைப்பிடியில் அதே துண்டோடு இருந்தாள்.

"எந்த வயர்?"

"அந்தப் பச்சை வயர். ரேடியோ வயர்னு நினைச்சு..."

"ரேடியோ வயரா?" அக்கா எழுந்தாள். "டேய் கம்பித் திருடா! முப்பது வருஷம் ரெண்டு பேரும் சுவத்துக்கு ரெண்டு பக்கம் நின்னு என் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துனீங்களே, ஒரு மண்ணா ரெண்டு மண்ணான்னு! சமையல்கட்டுல நின்ன எனக்கே தெரியும்டா அது வீட்டு எர்த்துன்னு! உனக்குத் தெரியலையா?"

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்தே! என்னைக் கொன்னுட்டு வந்து மாலை போட்டிருப்பே, 'அக்கா ஹீட்டர்ல போயிட்டா'ன்னு நாலு பேர்கிட்ட கதை வேற சொல்லியிருப்பே!" துண்டால் என் தோளில் ஓங்கி ஓர் அடி. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியவள் நிறுத்தினாள். "ஹீட்டர்னு சொல்லிட்டுத்தானே போனே. அப்படியே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப ஏன் வந்து சொல்றே?"

சொன்னேன். ஃபியூஸ் கட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, இது இங்கே இருக்கும்போதே அவர் தட்டியதைச் சொன்னேன்.

அவள் அந்தப் பீங்கான் கட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "கட்டு" என்றாள்.

பச்சை வயரைக் கம்பியில் பூட்டினேன். அக்கா குனிந்து கிளாம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹீட்டரைச் சுவரிலிருந்து கழற்றி வாசலில் வைத்தேன். ஃபியூஸைப் போட்டேன். டெஸ்டர் எரியவில்லை. நான் தடுப்பதற்குள் அக்கா குழாயின் மேல் முழுக் கையையும் வைத்தாள். வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணுமில்லை" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவையும் சொன்னாள்.

என் வயரையும் அதே கம்பியில்தான் விட்டிருக்கிறேன். ஒரு மண். அதனால் என் ரேடியோ இப்போது சந்தைக்கடை. அக்காவின் சார்ஜர், அக்காவின் பல்பு, அக்காவின் மிக்ஸி எல்லாம் என் காதுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. கண்டமாவது, கடிகாரமாவது.

தினமும் பதினொன்றுக்கு அக்கா என் அறைக்கு வந்துவிடுகிறாள். நாற்காலியைத் தரையில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். இரைச்சல்தானே கேட்கிறது என்றால், "நீ சும்மா இரு" என்கிறாள். கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் மேசையில் தட்டத் தொடங்கும்.

அக்காவுக்கு மோர்ஸ் தெரியாது. ஓர் எழுத்துகூடத் தெரியாது. கற்றுக்கொள் என்று அத்தான் கெஞ்சியபோதெல்லாம் 'எனக்கு வேற வேலை இல்லையா' என்றவள். முதல் நாள் நான் பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரலிலிருந்து தடையில்லாமல், கப்பல்காரன் வேகத்தில், எழுத்தெழுத்தாக வந்தது. ஒவ்வொரு முடிவிலும் கடைசி நீளம் இழுபட்டது.

இரண்டு வரி எழுதியதும் என்ன பேச்சு என்று புரிந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் நான் சமையலறையில் உட்கார்ந்து மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன். புருஷன் பெண்டாட்டி பேசும்போது தம்பிக்கு அங்கே என்ன வேலை?